கண்ணாடியை எடுத்த பிறகு: மிரர்லெஸ் கேமராக்களை ஒப்பிடுவது எப்படி?

கேமரா வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "சோனியா, கேனானா, நிக்கானா?" என்றுதான். அதற்கு யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நுழையும் முன் வேறொன்றைக் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்; அப்படி வந்ததுதான் மிரர்லெஸ். அது பார்த்துவந்த வேலைகளை இப்போது யார் பார்க்கிறார்கள்?

இதற்கு விடை தெரிந்துவிட்டால், கேமரா பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களில் எது சரக்கு, எது விளம்பரம் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

கண்ணாடி பார்த்த வேலை

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் நேராகப் படம் பதியும் சென்சாருக்குப் போகாது. நடுவில் 45 டிகிரி சாய்ந்தபடி ஒரு கண்ணாடி நிற்கும். அது வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். மேலே இருக்கும் பென்டாபிரிசம் என்ற பட்டைக் கண்ணாடி அதை இரண்டு மூன்று முறை மடக்கி, தலைகீழ் இல்லாத நேர் பிம்பமாக உங்கள் கண்ணுக்குக் கொடுக்கும். அந்தப் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி வெளிச்சத்தைக் கொஞ்சம் ஊடுருவவும் விடும். ஊடுருவியதைப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று பிடித்துக் கீழே அனுப்பும். கேமராவின் அடிப்பகுதியில் ஃபோகஸ் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மேலே, பிரிசத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஆக, பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு, ஃபோகஸுக்கு ஒன்று, அளவெடுக்க ஒன்று, படம் பதிய ஒன்று.

பட்டனை அழுத்தினால் கண்ணாடி படக்கென்று மேலே மடங்கும். அந்த நொடியில் உங்கள் கண்ணுக்கு எல்லாம் இருட்டு. ஷட்டர் என்ற திரை திறக்கும், சென்சாரில் வெளிச்சம் விழும், ஷட்டர் மூடும், கண்ணாடி பழைய இடத்துக்கு இறங்கும். டிஎஸ்எல்ஆரின் அந்த "ச்சடக்" சத்தத்தில் பெரும்பங்கு கண்ணாடியுடையதுதான். வினாடிக்குப் பத்துப் படம் எடுக்க வேண்டுமானால் இந்தக் கூத்து முழுவதும் பத்து முறை நடக்க வேண்டும். இப்படி ஒரு இயந்திரத்தை லட்சக்கணக்கான முறை பிசகாமல் ஓடவைத்தது பெரிய பொறியியல் சாதனை. 1959ல் வந்த நிக்கான் எஃப் இந்த ஏற்பாட்டைத் தொழில்முறைக் கலைஞர்களின் கையில் நிலைநிறுத்தியது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதை அசைக்க ஆளில்லை.

மிரர்லெஸ்ஸில் இந்த அடுக்குகள் எதுவும் கிடையாது. லென்ஸுக்குப் பின்னால் நேராக சென்சார். கேமராவை ஆன் செய்ததிலிருந்து வெளிச்சம் அதன் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குப் படம் அனுப்புவதும், ஃபோகஸ் பார்ப்பதும், வெளிச்சத்தை அளப்பதும், எதிரே நிற்பவரின் கண் எங்கே என்று தேடுவதும் அந்த ஒரே சென்சாரும் அதன் பின்னால் இருக்கும் பிராசஸரும்தான். நான்கு பேர் பார்த்த வேலை ஒருவர் தலையில் விழுந்துவிட்டது. அதனால் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை ஒப்பிடும்போது மற்ற எதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்த சென்சார் தன்னிடம் இருப்பதை எவ்வளவு வேகமாகப் படித்துக் கொடுக்கிறது என்பதுதான். வேடிக்கை என்னவென்றால் பெரும்பாலான ஸ்பெக் ஷீட்டுகளில் அந்த ஒரு எண் மட்டும் இருக்காது.

வேகம் போதாததால்தான் மிரர்லெஸ் மேலே வர இவ்வளவு காலம் பிடித்தது. பானசோனிக்கின் ஜி1 2008லேயே வந்துவிட்டது. பழைய ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு சோனி ஏ7 வந்தது 2013ல். கேனான், நிக்கான் இரண்டும் தங்கள் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸை இறக்கியது 2018ல். அதற்குள் சோனி 2017ல் ஏ9ஐக் கொண்டுவந்து, வ்யூஃபைண்டர் ஒரு கணமும் இருட்டாகாமல் வினாடிக்கு 20 படம் எடுத்துக் காட்டியிருந்தது. மேலும் கீழும் மடங்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வழியே இல்லை.

கண்ணுக்குத் தெரிவதே படம்

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு மிரர்லெஸ் தரும் பெரிய உபகாரம் எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டர். டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் தெரிவது உலகம். படம் எப்படி வரும் என்று அது சொல்லாது. வெள்ளை வேட்டி கட்டியவரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் வேட்டியின் மடிப்புகள் எல்லாம் வெளுத்துப் போயிருப்பது, எடுத்த பிறகு பின்திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் டயலைத் திருப்பத் திருப்ப வ்யூஃபைண்டரிலேயே வெளிச்சம் கூடிக் குறைவது தெரியும். ஜீப்ரா என்ற அமைப்பை ஆன் செய்தால் வெளுத்துப்போகப்போகும் இடத்தில் வரிவரியாகக் கோடு ஓடும். அப்பர்ச்சர் (லென்ஸின் துளை), ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று ஒரு மாதத்தில் கைக்குப் பிடிபட்டுவிடும்.

இதை ஒப்பிடும்போது டாட் கணக்கு சொல்வார்கள்: 23.6 லட்சம், 36.9 லட்சம், 57.6 லட்சம், 94.4 லட்சம். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டாட் சேர்ந்தால் ஒரு பிக்சல். ஆகவே 23.6 லட்சம் டாட் என்பது 1024க்கு 768 பிக்சல் திரை, அவ்வளவுதான். ஆரம்பநிலை கேமராக்களில் பெரும்பாலும் இதுவே இருக்கும், பழகிக்கொள்ளலாம். 36.9 லட்சம் கண்ணுக்கு இதம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் டாட்டைவிட, கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 போன்றவற்றில் வ்யூஃபைண்டரே கிடையாது. அவை வீடியோ எடுப்பவர்களுக்காகச் செய்தவை. சித்திரை வெயிலில் பின்திரையை மட்டும் நம்பிப் படம் எடுப்பது எவ்வளவு சிரமம் என்று கடைக்குள் ஏசியில் நின்று பார்த்தால் தெரியாது. புகைப்படம்தான் முக்கியம் என்றால் இந்த இரண்டையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஃபோகஸ்: புள்ளிக் கணக்கு ஏமாற்றும்

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் சென்சார் ஓரிடம், படம் பதியும் சென்சார் வேறிடம். இரண்டுக்கும் நடுவே தூரக் கணக்கில் இம்மி பிசகினாலும், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். 85 எம்எம் எஃப்1.4 போன்ற லென்ஸை (எஃப் எண் சிறியதென்றால் துளை பெரியது) முழுக்கத் திறந்து எடுப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. லென்ஸையும் பாடியையும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்துகொண்டு வருவார்கள். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தகராறு அடியோடு ஒழிந்தது.

சென்சார் ஃபோகஸ் பார்ப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கான்ட்ராஸ்ட் முறை: லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே விளிம்புகள் மிகக் கூர்மையாகத் தெரிகின்றன என்று தேடுவது. நிலையான பொருளுக்குத் துல்லியமானது. ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாததால் ஒரு தடவை தாண்டிப் போய்விட்டுத் திரும்பும். வீடியோவில் முகம் மங்கித் தெளிவது இதனால்தான். இன்னொன்று பேஸ் டிடெக்ட் முறை: சென்சாரில் உள்ள பிக்சல்களில் சில, லென்ஸின் இடது பாதியிலிருந்து வருவதையும் வலது பாதியிலிருந்து வருவதையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டு பார்வையும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. பொருந்தாவிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று உடனே கணக்குப் போட்டு லென்ஸை ஒரே தாவலில் அனுப்பிவிடும். கேனான் 2013ல் 70டி கேமராவில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து இதைச் செய்தது. டூயல் பிக்சல் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். பானசோனிக் நெடுநாள் கான்ட்ராஸ்ட் முறையைக் கட்டிக்கொண்டு அழுதது. 2023ல் எஸ்5 மார்க் 2 வந்தபோதுதான் பேஸ் டிடெக்ட்டுக்கு மாறியது. பழைய பானசோனிக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடியாடும் குழந்தையை எடுக்க அது உதவாது. டிரைபாடில் வைத்துப் பொருட்களைப் படமெடுப்பவருக்கு அருமையான பேரம்.

ஃபோகஸ் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுவார்கள். நிக்கான் டி850 டிஎஸ்எல்ஆரில் 153 புள்ளிகள். கேனானின் முதல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் ஆன இஓஎஸ் ஆரில் 5655 இடங்கள். கணக்குப்படி 37 மடங்கு. ஆனால் நகரும் பொருளைத் துரத்தி ஃபோகஸ் செய்துகொண்டே எடுக்கும்போது டி850 வினாடிக்கு 7 படம் தந்தது, இஓஎஸ் ஆர் 5 படம்தான் தந்தது. 5655 என்பது விரலால் தொட்டு நகர்த்தக்கூடிய இடங்களின் கணக்கு. அதற்கும் கேமராவின் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. புள்ளியை விட்டுவிட்டு, கேமரா எதையெல்லாம் அடையாளம் காண்கிறது என்று கேளுங்கள். மனிதக் கண் இப்போது எல்லாவற்றிலும் உண்டு. பறவை, விலங்கு, வண்டி, ரயில் என்று பட்டியல் கேமராவுக்குக் கேமரா மாறும். வேடந்தாங்கலில் கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரையைப் பிடிக்க வேண்டுமானால், முன்னால் இருக்கும் கிளையை விட்டுவிட்டுப் பறவையின் கண்ணைப் பற்றுகிற கேமரா வேண்டும். கல்யாண ஆல்பம் போடுபவருக்குப் பறவைக் கண் எதற்கு?

ஸ்பெக் ஷீட்டில் இல்லாத எண்

இப்போது வேகத்துக்கு வருவோம். மிரர்லெஸ் கேமராவில் இரண்டு வகை ஷட்டர் இருக்கும். மெக்கானிக்கல் ஷட்டர் என்பது சென்சாருக்கு முன்னால் ஓடும் நிஜமான திரை. எலக்ட்ரானிக் ஷட்டரில் எதுவும் அசையாது. சென்சாரே மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும். சத்தமே வராது. பாகங்கள் தேயாது. சபா கச்சேரியில் ஆலாபனை போய்க்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து எடுத்தாலும் யாரும் திரும்பி முறைக்கமாட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சாதாரண ஃபுல் ஃப்ரேம் சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்கச் சுமார் 15ல் ஒரு பங்கு வினாடி எடுத்துக்கொள்ளும். ஷட்டர் வேகத்தை 1/2000 என்று வைத்திருந்தாலும் சரி, ஒவ்வொரு வரிசையும் 1/2000 வினாடிதான் வெளிச்சம் வாங்கும். ஆனால் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே அந்த 1/15 வினாடி இடைவெளி இருக்கும். ஜெராக்ஸ் மெஷினில் விளக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது தாளை இழுத்தால் எழுத்து கோணிக்கொண்டு வருமே, அதே கதைதான் இங்கேயும். வேகமாகப் போகும் பஸ் சாய்சதுரமாகும். பேட்ஸ்மேன் கையில் மட்டை வளையும்.

கல்யாண மண்டபத்தில் இதற்கு வேறொரு முகம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் மலிவான எல்இடி விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது. 1/15 வினாடி நேரம் எடுத்துப் படிக்கும் சென்சாருக்குள் அந்த மங்கித் தெளிதல் ஆறு ஏழு தடவை நடந்துவிடும். தாலி கட்டும் படத்தை எடுத்துப் பெரிதாக்கினால், மணமகள் முகத்தின் மேலேயும் பட்டுப்புடவையின் மேலேயும் ஆறு ஏழு கரும்பட்டைகள் குறுக்கே ஓடியிருக்கும். எந்த சாஃப்ட்வேரிலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. 1/100 அல்லது 1/50 என்று ஷட்டரை வைத்தால் இந்த 100 தடவை ரகம் மறைந்துவிடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் பெரிய எல்இடி திரைகளும், மங்கலாக்கும் வசதியுள்ள விளக்குகளும் இதைவிடப் பல மடங்கு வேகமாக மின்னுபவை. அவற்றுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. கல்யாணத்தில் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே இருந்துவிடுங்கள். கெட்டிமேளம் கொட்டும்போது உங்கள் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

இந்த நோய்க்கு மருந்து ஸ்டாக்டு சென்சார். சென்சாருக்கு அடியிலேயே மெமரியை அடுக்கி வைத்து, படிப்பதைப் பல மடங்கு வேகமாக்குவது. நிக்கான் 2021ல் கொண்டுவந்த இசட்9 சுமார் 1/270 வினாடியில் படித்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டர் ஓடும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. 2023 கடைசியில் அறிவித்த சோனி ஏ9 மார்க் 3 இன்னும் ஒரு படி போய், எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரோடு வந்தது. இரண்டும் பத்திரிகைக்காரர்களுக்கும் விளையாட்டுப் படக்காரர்களுக்குமான விலை. ஆரம்பநிலை கேமரா ஒன்று "வினாடிக்கு 30 படம்" என்று பெட்டியில் போட்டிருந்தால், அது எலக்ட்ரானிக் ஷட்டரிலா, மெக்கானிக்கலிலா என்று அடுத்த வரியைப் படியுங்கள். பெரும்பாலும் எலக்ட்ரானிக்காகத்தான் இருக்கும். சென்சார் மெதுவானது என்றால் அந்த 30 படமும் கோணலாக வரும்.

சென்சார் அளவும் மெகாபிக்சலும்

ஃபுல் ஃப்ரேம் என்பது 36க்கு 24 மில்லிமீட்டர், பழைய 35 எம்எம் ஃபிலிமின் அளவு. ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6, கேனானில் இன்னும் ஒரு துளி சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பரப்பளவில் ஃபுல் ஃப்ரேம் ஏபிஎஸ்-சியைப் போல இரண்டே கால் மடங்குக்கு மேல், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இதை ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சொன்னால் முறையே ஒன்றேகால், இரண்டு. அதாவது ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 6400ல் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸ், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 1600லேயே வந்துவிடும். பகலில் எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. இரவு ஊர்வலம், தெருக்கூத்து எடுப்பவருக்குப் படும்.

சிறிய சென்சாருக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 எம்எம் லென்ஸ் போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 600 எம்எம் போட்ட கோணம் கிடைக்கும். கேனானின் 600 எம்எம் எஃப்4 லென்ஸ் மட்டும் 3 கிலோவைத் தாண்டும். ஒலிம்பஸின் 300 எம்எம் எஃப்4 ஒன்றரை கிலோவுக்குள். "பாதி எடையில் அதே படம்" என்று விற்பார்கள். முழுப் பொய்யில்லை, ஆனால் மேலே சொன்ன இரண்டு ஸ்டாப்பை அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் ஃபுல் ஃப்ரேமில் 600 எம்எம் எஃப்8ஐ அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கேனானே 600 எம்எம் எஃப்11 என்று 930 கிராமில் ஒரு லென்ஸ் விற்கிறது. காலை வெயில் நன்றாக அடித்தால் பறவைக்கு அதுவும் போதும்.

மெகாபிக்சலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் 20க்கு 13 அங்குலம் போடலாம். ஏ3 தாளைவிடப் பெரியது. 24லிருந்து 33 மெகாபிக்சலுக்குப் போனால் படத்தின் அகலம் 6000லிருந்து 7000 பிக்சலாகும். கூடுதல் விவரம் 17 விழுக்காடு. விலையில் கூடுவது அதைவிட அதிகம். படத்தை வெட்டி வெட்டிப் பயன்படுத்தும் பறவைப் படக்காரர்களுக்கும், பெரிய விளம்பரப் பலகைக்கு எடுப்பவர்களுக்கும் மட்டும் இது பெரிய விஷயம்.

மவுண்ட்

பாடியை ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவோம். லென்ஸ் பதினைந்து வருடம் கூடவே வரும். அதனால் கேமரா ஒப்பீடு என்பது பாதிக்கு மேல், லென்ஸை மாட்டும் வாயான மவுண்டின் ஒப்பீடுதான்.

கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும் என்பதால் டிஎஸ்எல்ஆரில் லென்ஸின் பின்புறத்துக்கும் சென்சாருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது: நிக்கானில் 46.5 எம்எம், கேனானில் 44. கண்ணாடி போனதும் அது நிக்கான் இசட்டில் 16, சோனி இ மவுண்டில் 18, கேனான் ஆர்எஃபில் 20 என்று சுருங்கியது. இதில் ஒரு லாபம், பழைய லென்ஸ்களையெல்லாம் நடுவே ஒரு குழாயை வைத்து மாட்டிவிடலாம். கேனானின் பழைய இஎஃப் லென்ஸை ஆர் வரிசை பாடியில் மாட்டும் அடாப்டர், உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத 24 எம்எம் குழாய்தான். ஆட்டோஃபோகஸ் பழையபடி வேலை செய்யும். நிக்கானில் கொஞ்சம் உஷார். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த 50 எம்எம் எஃப்1.8டி போன்ற லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியிலிருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மோட்டார் இல்லை. லென்ஸ் மாட்டும், மீட்டர் ஓடும், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

மற்ற நிறுவனங்களின் லென்ஸ் கிடைப்பதில்தான் பெரிய வித்தியாசம். சோனி 2011லேயே இ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. இன்று சிக்மா, டாம்ரான் தொடங்கி சீனத் தயாரிப்புகள் வரை மலிவாகவும் நல்லதாகவும் குவிந்து கிடப்பது அதில்தான். நிக்கான் இசட்டுக்கு டாம்ரான் 2022லும் சிக்மா 2023லும் வந்து சேர்ந்தன. கேனான் கதவை இறுக்கிச் சாத்திவைத்திருந்து, 2024ல் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும் சிக்மாவையும் டாம்ரானையும் உள்ளே விட்டது. லைக்கா, பானசோனிக், சிக்மா மூன்றும் 2018ல் எல் மவுண்ட் என்று கூட்டணி போட்டுக்கொண்டன. கேனான் பாடிகள் எனக்குப் பிடிக்கும். கையில் உட்காரும் விதமும் நிறமும் அருமை. ஆனாலும் பட்ஜெட்டை எண்ணி எண்ணிச் செலவு செய்பவருக்கு இந்த ஒரு காரணத்தால் சோனியையோ நிக்கானையோ முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

மிரர்லெஸ் என்றால் பை லேசாகிவிடும் என்பது பாதி உண்மை. நிக்கான் டி850 பேட்டரியோடு 1005 கிராம். இசட்7 675 கிராம். 330 கிராம் மிச்சம். ஆனால் 70-200 எஃப்2.8 லென்ஸ் டிஎஸ்எல்ஆருக்கு 1430 கிராம், இசட்டுக்கு 1440. பாடியில் எடை குறைந்தது, லென்ஸில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. கேனான் அதே லென்ஸை ஆர்எஃப் மவுண்டுக்கு, டிரைபாட் வளையம் சேராமல் 1070 கிராமில் செய்து காட்டியது. அதற்குக் கொடுத்த விலை, ஜூம் செய்தால் லென்ஸ் நீண்டு வெளியே வரும்.

ஒரே சென்சார், இரண்டு கேமரா

ஒப்பிடுவதற்குப் பயிற்சி வேண்டுமானால் கேனான் ஆர்8ஐயும் ஆர்6 மார்க் 2ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார். ஒரே மாதிரி கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ். எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்ல முடியாது. ஆர்8 461 கிராம், மற்றது 670. விலையிலும் ஆர்8 நன்றாகவே கீழே. அப்படியானால் ஆர்6 மார்க் 2 எதற்கு?

முதலாவது, ஆர்8க்குள் ஐபிஸ் கிடையாது. ஐபிஸ் என்பது கை நடுங்கும்போது அதற்கு எதிர்ப்பக்கம் சென்சாரையே நகர்த்திச் சரிசெய்யும் அமைப்பு. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை டிரைபாட் இல்லாமல் கால் வினாடியில் எடுக்க வேண்டுமானால் அது கைகொடுக்கும். அங்கே ஒருவர் நடந்து போனால் அவர் மங்கித்தான் தெரிவார். நம் கையை அது பிடிக்குமே தவிர எதிரே இருப்பவரைப் பிடிக்காது. குழந்தைகளையும் நடனத்தையும் எடுப்பவர் எப்படியும் 1/250க்கு மேல் வைப்பார், அவருக்கு ஐபிஸ் இல்லாதது பெரிய குறை அல்ல. இரண்டாவது, ஆர்8ல் ஒரே ஒரு மெமரி கார்டுக்குத்தான் இடம். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவருக்கு இந்த ஒன்றே போதும், ஆர்8 வேண்டாம் என்று முடிவெடுக்க. கார்டு போய்விட்டால் முகூர்த்தத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாது. மூன்றாவது, ஆர்8ன் பேட்டரி சின்னது. நாள் முழுக்க எடுக்க இரண்டு மூன்று வேண்டும். மெக்கானிக்கல் வகையில் வினாடிக்கு 12 படம் எடுக்கும் ஆர்6 மார்க் 2க்கு எதிரே ஆர்8 தருவது 6. வ்யூஃபைண்டரும் ஒருபடி கீழே.

வீட்டு விசேஷம், சுற்றுலா, தெருப் படங்கள் என்று இருப்பவருக்கு ஆர்8ஐ வாங்கி மிச்சப் பணத்தில் ஜூம் இல்லாத நல்ல பிரைம் லென்ஸ் ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். தொழிலுக்கு இறங்குபவர் கடனை வாங்கியாவது மற்றதை எடுப்பார்.

பேட்டரி பற்றி இன்னொரு வார்த்தை. மிரர்லெஸ்ஸில் சென்சாரும் திரையும் ஓயாமல் ஓடுவதால் இது என்றைக்கும் அதன் பலவீனம். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிப்பாவின் அளவுகோலில் டி850 ஒரு சார்ஜில் 1840 படம். சோனி ஏ7 மார்க் 3 பேட்டரி விஷயத்தில் பெரிதாகப் பாராட்டப்பட்டது, அதுவே 710தான். நடைமுறையில் தொடர்ச்சியாக எடுக்கும்போது இந்த எண்களைவிட நிறையவே கிடைக்கும். ஒரு கூடுதல் பேட்டரிக்கான பணத்தைக் கேமரா விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கடையில் நின்றுகொண்டு

உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கேமராவை எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டு, கடையின் கதவு நிலையையோ தூணையோ பார்த்தபடி கேமராவை வேகமாக இடமிருந்து வலமாகத் திருப்பிக்கொண்டே நாலைந்து படம் எடுங்கள். தூண் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு மெதுவான சென்சார். அடுத்து ஷட்டரை 1/1000 வைத்துக் கடையின் எல்இடி விளக்குகளுக்குக் கீழே வெள்ளைச் சுவரை எடுங்கள். பட்டை விழுகிறதா என்று தெரிந்துவிடும். கூட வந்தவரை உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லித் தொடர்ச்சியாக எடுங்கள். கண்ணில் ஃபோகஸ் எத்தனை படத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள். வாங்க நினைக்கும் லென்ஸோடு சேர்த்தே பாருங்கள். கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ் மாட்டிய கேமராவும் பெரிய ஜூம் மாட்டிய அதே கேமராவும் கைக்கு வெவ்வேறு மாதிரி இருக்கும். சுண்டுவிரல் கிரிப்பில் இடமில்லாமல் தொங்கினால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

லென்ஸைக் கழற்றச் சொல்லி உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள். கண்ணாடி இல்லாததால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும். கேனான் இஓஎஸ் ஆர் போன்ற சிலவற்றில் ஆஃப் செய்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும். பல கேமராக்களில் அந்த வசதி இல்லை. நம் தெருப் புழுதியில் லென்ஸ் மாற்றும்போது கேமராவை ஆஃப் செய்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சட்டென்று மாட்டிவிட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் மலிவாக வருகிறதே, வாங்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படிப்பதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம். கேனான், நிக்கான் இரண்டும் தங்கள் முழுக் கவனத்தையும் மிரர்லெஸ்ஸுக்குத் திருப்பிவிட்டதால் பழைய லென்ஸ்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. கேனான் என்றால் அந்த லென்ஸ்கள் நாளைக்கு அடாப்டரோடு கூடவே வந்துவிடும். நிக்கான் என்றால் உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸாகப் பார்த்து எடுங்கள். புதிதாக எதை வாங்கினாலும் பில்லில் இருக்கும் சீரியல் எண் கேமராவின் அடியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, வாரண்டி கார்டு இந்தியாவுக்கானதுதானா என்று கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.